உயரம் அரைத்த கைமிஷின்

வெள்ளிங்கிரி லைன் வீடுகளில் குடியிருந்த பெரியவர்கள் எல்லாரும் ஒரே உயரமாக எழுந்த காலையில் குழாயில் சிறுவாணித் தண்ணீர் வந்துவிட்டதால், வெகுநேரம் யாரும் அதைக் கவனிக்கவில்லை. தண்ணீர் வருகிற நாளில் கணபதி ஏரியாவில் எவரும் எவர் முகத்தையும் பார்ப்பதில்லை. குடத்தைப் பார்ப்பார்கள், குழாயைப் பார்ப்பார்கள், முன்னால் நிற்கிறவர் கூடுதலாக ஒரு குடத்தை நைசாக நுழைக்கிறாரா என்று பார்ப்பார்கள். அண்டா நிறைந்து, டிரம் நிறைந்து, கடைசியில் சொம்பும் நிறைந்து, குழாய் காற்றைக் கக்கத் தொடங்கிய பிறகுதான், புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே நிமிர்ந்த துளசிமணிக்குத் தன் முகத்துக்கு நேரே இரண்டு கண்கள் இருப்பது தெரிந்தது.

அவை அவளுடைய புருசன் ஆறுச்சாமியின் கண்கள். கல்யாணமான நாளிலிருந்து அவனுடைய தாடையையும் மூக்குத் துவாரங்களையும்தான் அவள் நன்றாக அறிந்திருந்தாள். கண்கள் எங்கோ மேலே, மின்விசிறிக்குப் பக்கத்தில் இருப்பவை. இப்போது பக்கத்தில் பார்த்தால் இடது புருவத்துக்குள் ஒரு தழும்பு இருந்தது. அது எப்போது வந்தது என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் வந்தது என்றான். பிறகு இரண்டு பேரும் புதுசாய்க் கல்யாணமானவர்களைப்போல வெட்கப்பட்டு, ஆளுக்கொரு குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள்.

இதெல்லாம் காப்பிக்கொட்டை அரைக்கிற ஒரு கைமிஷினால் வந்தது. டவுன்பஸ் கண்டக்டரான ஆறுச்சாமி அதைப் பொருட்காட்சியில் வாங்கி வந்தான். வெளியே பார்த்தால் கோயில் கலசம் மாதிரி மினுமினுத்தது. விற்றவன் வெளிநாட்டு உருக்கு என்று சொல்லியிருந்தான், அதை ஆறுச்சாமி வழிநெடுக யாராரிடமோ சொல்லிக்கொண்டே வந்தான். வீட்டில் முதல் சுற்றுச் சுற்றியபோதே கைப்பிடியின் குமிழ் கழன்று கட்டிலுக்கு அடியில் உருண்டது. அரைத்த பொடியில் பாதி மாவாக இருந்தது, பாதி ரவையாக இருந்தது. அதில் போட்ட காப்பி ஒரே வாயில் கசக்கவும் செய்தது, வெறும் வெந்நீராகவும் இருந்தது. வெளிநாட்டில் அப்படித்தான் குடிப்பார்கள் என்று ஆறுச்சாமி முகத்தைச் சுளிக்காமல் குடித்து முடித்தான்.

துளசிமணி பம்ப்செட் உதிரிப்பாகம் கடைகிற பட்டறையில் லேத்தில் நிற்கிறவள். அவளுடைய குள்ளத்துக்கு லேத் எட்டாது என்பதால் காலடியில் ஒரு பலகைப்பெட்டியைப் போட்டுக்கொண்டு நிற்பாள். ஆறுச்சாமியோடு தெருவில் நடந்தால் அப்பாவும் மகளும் போகிறார்களா என்று புதிதாய் வந்தவர்கள் கேட்பார்கள். அவள் நடையைக் கூட்டுவாள். மற்றபடி அவள் பொறுமைசாலி. ஒன்றே ஒன்றுதான் அவளுக்கு ஆகாது, சுற்றுகிற பொருள் எதுவும் ஆடக்கூடாது. மின்விசிறி ஆடினால் தூங்கமாட்டாள், சைக்கிள் சக்கரம் ஆடினால் அடுத்தவருடைய சைக்கிளானாலும் நிறுத்திச் சொல்லுவாள். அப்படிப்பட்டவள் வீட்டில் ஆடுகிற மிஷினை வைத்துக்கொண்டு எத்தனை நாள் சும்மா இருப்பாள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரித்தாள். பிரித்ததும் அதன் லட்சணம் தெரிந்தது: வெளியே உருக்கு, உள்ளே தகரம். நடுவில் ஓடுகிற தண்டு, அதாவது ஷாஃப்ட், தொளதொளவென்று ஆடியது. அதில் மாட்டியிருந்த கூம்புப் பல், தன்னைச் சுற்றியிருக்கிற வளையப் பல்லுக்கு நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடியது. சாய்ந்த பக்கத்தில் அகப்பட்ட கொட்டை மாவாகும், விலகிய பக்கத்தில் அகப்பட்டது உடைந்ததோடு தப்பித்து விழும். அவள் அதைப் பட்டறைக்குத் தூக்கிப்போய்ப் புது ஷாஃப்ட் கடைந்தாள், அது ஆடாமல் இருக்கப் பித்தளையில் புஷ் வளையம் போட்டாள், ஆட்டத்தை அளக்கிற டயல் கேஜை வைத்து முள் அசையாமல் நிற்கும்வரை சரிபார்த்தாள். பிறகு வளையப் பல்லில் நீல மையைத் தடவி, கைப்பிடியைச் சுற்றி, எந்தப் பக்கம் மை அழிகிறது, எந்தப் பக்கம் அழியவில்லை என்று பார்த்து, அழியாத பக்கத்துக்கு அடியில் மாத்திரை அட்டையில் உரித்த வெள்ளித்தாளைச் சின்னதாக நறுக்கிவைத்து முட்டுக்கொடுத்தாள். கடைசியில் மை சுற்றிலும் ஒரே சீராக அழிந்தது. அன்று சாயங்காலம் அரைத்த பொடியை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தபோது ஒரு துகளுக்கும் இன்னொரு துகளுக்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை.

வாசனை லைன் முழுக்கப் போய்விட்டது. வாசனை போன பிறகு ஆட்கள் வராமல் இருப்பார்களா, டம்ளரோடு வந்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அந்த லைனில் காப்பி கிடையாது. மற்றவர்கள் எல்லாரும் குடித்தார்கள், ஹவுஸ் ஓனர் வெள்ளிங்கிரியும் இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார். அடுத்த நாள் காலையில்தான் தண்ணீர் வந்தது.

எப்படி நடந்தது என்று யாரும் பெரிதாக ஆராயவில்லை. பொடி சமமாக இருந்தது, குடித்தவர்கள் சமமானார்கள், இதில் ஆராய என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். லைனுக்குள் புதிதாக உயரம் எதுவும் வரவில்லை என்பதை மட்டும் ஆறுச்சாமி கண்டக்டர் மூளையால் கண்டுபிடித்துச் சொன்னான்: நெட்டையர்களிடம் எடுத்ததைத்தான் குட்டையர்களுக்குக் கொடுத்திருக்கிறது. காப்பியை நிறுத்திப் பார்த்தவர்களுக்கும் ஒன்றும் மாறவில்லை. குடித்தால்தான் பங்கு போடும், குடிக்காவிட்டால் போட்ட பங்கு போட்டபடி நிற்கும்.

அதற்குப் பிறகு பழகிக்கொள்கிற வேலைதான் இருந்தது. ஆண்கள் மூலைத் தையல்காரரிடம் பேண்ட்களைக் கொடுத்துக் கீழே வெட்டினார்கள், வெட்டின துணியில் அவர் கைப்பை தைத்து விற்றார். பெண்கள் புடவைக்கு ஃபால்ஸ் புதிதாகத் தைத்தார்கள். கண்ணாடி மாட்டுகிற ஆணியை எல்லா வீட்டிலும் பிடுங்கி ஒரே உயரத்தில் அடித்தார்கள். பார்சல் கொண்டுவருகிற பையன் நெட்டையாய் இருப்பாரே அவர் வீடு எது, கட்டையாய் இருக்குமே அந்தம்மா வீடு எது என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், எல்லாப் பார்சலையும் முதல் வீட்டிலேயே போட்டுவிட்டுப் போனான். குழாயடிச் சண்டைகள் சீக்கிரம் முடிந்தன. கண்ணுக்குக் கண் நேராக நின்றுகொண்டு ஒரு அளவுக்குமேல் திட்டுவது கூச்சமாக இருந்தது. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு லைனே சேர்ந்து போனபோதுதான் ஒரு சங்கடம் வந்தது. ஒவ்வொருவருக்கும் முன்னால் நிற்பவரின் பிடரி மட்டுமே தெரிந்தது. அம்மன் எந்தப் பக்கம் போனாள் என்று பக்கத்துத் தெருக்காரர்கள் சொல்லித்தான் தெரிந்தது.

பெரிய அடி வாங்கியவர் வெள்ளிங்கிரி. அவர் லைன் கட்டும்போது வீட்டுக்கு வீடு நடுவிலிருக்கும் சுவர்களைத் தன் மோவாய் அளவுக்கு எழுப்பியிருந்தார். குடியிருப்பவர்களில் பெரும்பாலோருக்கு அது தலைக்குமேல் நிற்கும் சுவர். அவருக்குக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தபடி, யார் வீட்டில் மோட்டார் ஓடுகிறது, யார் வீட்டில் விருந்தாளி வந்து மூன்றாவது நாளாகியும் போகவில்லை என்று பார்த்துக்கொள்ள வசதியான சுவர். இப்போது அவருக்கும் அது தலைக்குமேல் நின்றது. கொஞ்ச நாள் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு நடந்தார். ஸ்டூலில் ஏறி எட்டிப் பார்க்கிறவரைப் பார்த்து உள்ளே குளித்துக்கொண்டிருந்த ஆம்பளைகூட என்ன ஓனருங்க, சோப்பு வேணுமுங்களா என்று கேட்டுவிட்டதால் அதையும் விட்டார்.

துளசிமணிக்கு அது அவள் வாழ்க்கையிலேயே நல்ல காலம். பலகைப்பெட்டியைப் பட்டறை மூலையில் தள்ளிவிட்டாள். சாயங்காலம் ஆறுச்சாமியோடு கடைவீதிக்குப் போனாள், அதுவும் மெதுவாக நடந்து போனாள். அவனுக்கும் குறையொன்றும் இல்லை. பஸ் கூரைக்குப் பயந்து பயந்து கோணிப்போயிருந்த கழுத்து நிமிர்ந்துவிட்டது. சாப்பிட்டு முடித்து இரண்டு பேரும் எதிரெதிரே நின்றுகொண்டு பேசினார்கள். உட்கார்ந்து பேசலாம்தான், ஆனால் நின்று பேசுகிற சுகத்தை அவர்கள் அதற்குமுன் அறிந்ததில்லை.

மூன்றாவது வீட்டில் லோகநாயகி இருந்தாள், இட்லிமாவு ஆட்டி விற்கிறவள், புருசன் இல்லாதவள். அவளுக்கு ஒரே மகன் பூபதி. போலீஸ் வேலைக்குத் தேர்வு எழுதித் தேறியிருந்தான். இனி ஓடிக் காட்டவேண்டும், கயிறு ஏறிக் காட்டவேண்டும், எல்லாவற்றுக்கும் முன்னால் அளவுகோலுக்குக் கீழே நின்று காட்டவேண்டும். அவர்கள் கேட்கிற உயரத்தைத் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் கரிக்கோடு போட்டு வைத்திருந்தான். முன்பு அவன் தலை அந்தக் கோட்டுக்கு இரண்டு விரல் மேலே நின்றது. இப்போது கோடு அவன் தலைக்கு ஒரு சாண் மேலே இருந்தது.

துளசிமணி அதைத் தற்செயலாகத்தான் பார்த்தாள். மாவு வாங்கப் போனவள், பூபதி தொட்டிச் சுவரில் முதுகை ஒட்டி, குதிகாலைத் தூக்காமல் கழுத்தை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்பதையும், லோகநாயகி அவன் தலைமேல் ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டுக் கையை இறக்குவதையும் பார்த்தாள். கம்பியில் தொங்கிப் பார்த்தானாம், பிரயோஜனமில்லையாம். தேதி நெருங்கிவிட்டதாம். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று துளசிமணி கேட்டதற்கு, நீயும் உன் வீட்டுக்காரரும் ஜோடியாய்ப் போவதைப் பார்த்துவிட்டு எந்த வாயால் சொல்வது என்று கேட்டாள் லோகநாயகி. மாவைப் பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டே, கோபமில்லாமல், ஒரு உண்மையைச் சொல்வதுபோலச் சொன்னாள்:

"உன்ர மிஷினு நல்ல மிஷினு, துளசி. அதான் கஷ்டம்."

அன்று துளசிமணிக்கு மாவு புளித்ததோ புளிக்கவில்லையோ தெரியவில்லை. சமமாக அரைத்ததால் வந்ததைச் சமமில்லாமல் அரைத்துத்தான் போக்கவேண்டும் என்பது அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்காமல் இருந்திருக்கலாம் என்று இருந்தது. வேண்டுமென்றே சென்டர் தப்பவிட்டு ஒரு பொருளை அவள் அதுவரை கையிலிருந்து இறக்கியதில்லை. அது ஒரு பக்கம் இருக்கட்டும், புருவத்துக்குள் இருக்கிற அந்தத் தழும்பை மறுபடி எப்போது பார்ப்பது?

லைன்காரர்கள் குழாயடியில் கூடினார்கள். வெள்ளிங்கிரி முதல் ஆளாக வந்து, அவரவர் உயரம் அவரவருக்குத் திரும்புவதுதான் முறை என்றும், தான் எப்போதும் பூபதியின் முன்னேற்றத்தில் அக்கறை உள்ளவன் என்றும் பேசினார். துளசிமணி குறுக்கிட்டாள்.

"மிஷினுக்கு உங்களுது எது, எங்களுது எதுன்னு தெரியாதுங்க. மொத்தத்தையும் குலுக்கிப் போடும். யாருக்கு எது விழுந்தாலும் விழுந்ததுதான்."

பிறகு ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். தினமும் எல்லாரும் ஒன்றாகக் குடிப்பது, மறுநாள் காலை பூபதியைக் கோட்டுக்குக் கீழே நிறுத்துவது, அவன் தலை கோட்டைத் தொடுகிற அன்றைக்கு எல்லாரும் அந்தக் காப்பியை நிறுத்திவிட்டு, யார் எப்படி இருக்கிறார்களோ அப்படியே இருந்துகொள்வது. துளசிமணி மிஷினைப் பிரித்து, முட்டுக்கொடுத்திருந்த வெள்ளித்தாளை எடுத்து எதிர்ப்பக்கத்தில் வைத்தாள். வைக்கும்போது மட்டும் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

முதல் நாள் வெள்ளிங்கிரிக்கு அடித்தது யோகம். பழைய உயரத்துக்கு மேலேயே கொஞ்சம் கிடைத்தது. லோகநாயகிக்குச் சுத்தமாக ஒன்றும் கிடைக்கவில்லை, அவள் ஆட்டுக்கல் உயரத்தில் நின்றுகொண்டு, பரவாயில்லை, குனியாமல் மாவு வழிக்கலாம் என்றாள். வெள்ளிங்கிரி நாலு பக்கச் சுவருக்கு மேலேயும் எட்டிப்பார்த்து, விட்டுப்போன சமாச்சாரங்களையெல்லாம் ஒரே நடையில் தெரிந்துகொண்டு, இதோடு நிறுத்திக்கொள்வோமே என்றார். யாரும் காதில் வாங்கவில்லை. அன்று டம்ளரை வாங்கியவர் குடிப்பதுபோலக் குடித்துத் தன் வீட்டு வாசலிலிருந்த கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டார். மறுநாள் அவர் மட்டும் மாறாமல் இருந்தார், மற்றவர்களுக்குக் குலுக்கி விழுந்ததைக் கூட்டிப் பார்த்தால் ஆளுக்கு ஒரு விரல், அரை விரல் குறைந்தது, கறிவேப்பிலைச் செடி ஓட்டுக்கூரையைத் தாண்டி நின்றது. திருடியது யாரென்று விசாரிக்கத் தேவையே இருக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் கடைசிச் சொட்டு குடித்து டம்ளரைக் கவிழ்த்துக் காட்டும்வரை லோகநாயகி எதிரில் நின்றாள்.

அப்புறம் லைனுக்கு அது ஒரு விளையாட்டாகிப்போனது. யார் எழுந்ததும் காலைக் கட்டிலுக்கு வெளியே நீட்டியிருக்கிறார்கள், யார் கட்டிலிலிருந்து குதித்து இறங்கவேண்டியிருக்கிறது என்று வீட்டுக்கு வீடு சிரிப்புச் சத்தம் கேட்டது. காப்பிதான் வாயில் வைக்க முடியவில்லை, கசப்பும் வெந்நீருமாக. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார்கள். பூபதி ஒருநாள் கோட்டுக்கு அருகில் வருவான், ஒருநாள் அம்மாவின் தோளுக்கு இறங்கிவிடுவான்.

அளவெடுக்கிற நாள் நெருங்கியிருந்த ஒரு காலையில் துளசிமணி கண்விழித்தபோது, ஆறுச்சாமியும் அவளும் மறுபடியும் சரிசமமாக இருந்தார்கள். நூல் பிடித்தாற்போல, கண்ணுக்குக் கண். அவள் ஓடிப்போய்த் தொட்டிச் சுவரைப் பார்த்தாள். பூபதி நின்றுகொண்டிருந்தான். அவன் தலைமுடி கோட்டைத் தொட்டது. முடிதான் தொட்டது. மண்டை அரை விரல் கீழே இருந்தது.

அவன் அவளையும் பார்த்தான், அவளுக்குப் பின்னால் வந்து நின்ற ஆறுச்சாமியையும் பார்த்தான். நல்ல பையன். இது போதுங்கக்கா, முடியைத் தூக்கிச் சீவினால் அளக்கிறவர்களுக்குத் தெரியாது என்று மெதுவாகச் சொன்னான். லோகநாயகி மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ ஆறுச்சாமி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் துளசிமணிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவள் இரும்பு ஸ்கேலை எடுத்து பூபதியின் முடியை அழுத்தி வைத்துப் பார்த்தாள். இன்னொரு தடவை வைத்துப் பார்த்தாள். அரை நூல் குறைந்தாலும் உருப்படியைத் திருப்பிப் போடுகிறவள், அரை விரலை என்ன செய்வாள்? வீட்டுக்குள் போய் ஆறுச்சாமியை முன்னால் நிற்கவைத்து, நெற்றி, புருவம், தழும்பு, கண் என்று ஒவ்வொன்றாக நிதானமாகப் பார்த்தாள். அவன் இமைக்காமல் நின்றான். "போதும் மாமா," என்றாள். பிறகு உட்கார்ந்து, மிஷினைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, கொட்டையைப் போட்டுச் சுற்ற ஆரம்பித்தாள்.

மறுநாள் காலையில் பூபதியின் தலை கோட்டுக்கு மூன்று விரல் மேலே நின்றது, முடியை அழுத்திப் பிடித்தும் நின்றது. லோகநாயகி அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, மாவு புளித்துவிடும் என்று உள்ளே போனாள். வெள்ளிங்கிரிக்கு லைனிலேயே மிகச் சிறிய பங்கு விழுந்திருந்தது. தன் வீட்டுத் தாழ்ப்பாளைத் திறக்க அவர் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட வேண்டியிருந்தது. பாத்திரம் விளக்கப் புறப்பட்ட துளசிமணி வாசல் நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டாள். என்ன இது என்று தடவிக்கொண்டே திரும்பினால் ஆறுச்சாமி இல்லை. அவன் கீழே இருந்தான். அவளுடைய நெஞ்சு மட்டத்துக்கு நின்றுகொண்டு, அண்ணாந்து பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

பூபதி அளவுகோலுக்குக் கீழே போய் நின்றான், தேறினான், பயிற்சிக்குப் புறப்பட்டுப் போனான். அவன்தான் போய்விட்டானே, இனி மிஷினை மறுபடி சரிசெய்து எல்லாரும் சமமாகிக்கொள்ளலாமே என்று வெள்ளிங்கிரி அவ்வப்போது கேட்டுப் பார்க்கிறார். சரியாகத்தான் கேட்கிறார், யாரும் மறுக்கவில்லை. ஆனால் டயல் கேஜைப் பட்டறையிலிருந்து யாரோ இரவல் வாங்கிப் போயிருப்பதாகத் துளசிமணி சொல்கிறாள்; திரும்பி வந்ததும் பார்க்கலாம் என்கிறார்கள் மற்றவர்கள். வெள்ளிங்கிரி நடந்து போகும்போது சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிற நெட்டையர்கள் குனிந்து, என்னங்க ஓனருங்க, ஏதாச்சும் பாக்கோணுமா என்று மரியாதையாகக் கேட்கிறார்கள். காப்பிக்கு எல்லாரும் கடைப்பொடிதான் வாங்குகிறார்கள்.

ஆறுச்சாமிக்குக் குள்ளம் பிடித்துப்போய்விட்டது. கட்டிலில் முழுசாகக் காலை நீட்டித் தூங்குகிறான். பஸ்ஸில் ஒரு கூட்டத்துக்குள் புகுந்தால் மறுபக்கம் எப்படி வெளியே வருகிறான் என்று யாருக்கும் தெரிவதில்லை. துளசிமணிதான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். லேத்துக்குக் குனியவேண்டும், அடுப்புக்குக் குனியவேண்டும், இவன் பேசினால் இவனுக்கும் குனியவேண்டும்.

ஒருநாள் காலையில் அவள் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது ஆறுச்சாமி பக்கத்தில் நின்று ஏதோ சொன்னான். கல்லின் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. குனிந்தாள், இடுப்பு சுள்ளென்று இழுத்தது, பாதியில் நின்றாள். அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. கல்யாணமான நாளிலிருந்து அவள் பேசும்போதெல்லாம் அந்தத் தாடையும் மூக்குத் துவாரமும் கீழே இறங்கி வந்தபடியேதான் இருந்திருக்கின்றன. ஒருநாளும் ஒரு முனகல் கேட்டதில்லை.

"இத்தன வருசமா எப்படி மாமா குனிஞ்சீங்க?"

ஆறுச்சாமி கொஞ்சம் யோசித்தான். அப்படியொன்று செய்ததாகவே அவனுக்கு நினைவில்லை.

"நீ பேசுறது கேக்கோணுமில்ல," என்றான்.

துளசிமணி அடுப்பைக் குறைத்தாள். கரண்டியை வைத்துவிட்டு, ஒரு கையை இடுப்பில் ஊன்றி, அவன் வாய்க்கு நேராகக் காது வரும்வரை நிதானமாகக் குனிந்து, இப்போது சொல்லுங்கள் என்றாள்.

சட்னியில் உப்பு இல்லை என்றான்.